தலைவலிக்குத் தந்த மருந்து

அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஜார்ஜ் பிராட்லியின் ஒரே மகள் எம்மா, ஏழு வயதில் மூளையழற்சியால் முடங்கினாள். பெற்றோர் தேடிய மருந்து எங்கும் கிடைக்கவில்லை. 1906இல் மறைந்த தந்தை, இத்தகைய குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமையத் தம் உயிலில் வழிசெய்தார். அது 1931இல் திறக்கப்பட்டது.

அங்கு மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தண்டுவட நீரை வெளியேற்றி எடுக்கும் மூளைப் படத்துக்குப்பின் குழந்தைகளை வாட்டிய தலைவலிக்குப் பென்செட்ரின் கொடுத்தார். தலைவலி பெரிதும் தணியவில்லை. படிப்பில் நாட்டம் கூடியது. அம்மருந்தைப் பெற்ற 30 குழந்தைகளுள் 14 பேரின் பள்ளிச் செயற்பாடு வியக்கத்தக்க வகையில் மேம்பட்டதாக 1937இல் எழுதினார். குழந்தைகள் அதனைக் ‘கணக்கு மாத்திரை’ என்றனர்.

கவனக்குறைவு, மிகையியக்கம் ஆகியவற்றுக்கு இன்று வழங்கப்படும் ஊக்கி மருந்துகளின் வரலாறு இங்குத் தொடங்குகிறது. இதனைத் தற்செயல் கண்டுபிடிப்பு என்பர். அத்தற்செயலுக்கு இடம் அமைத்ததோ, தம் மகளுக்கு மருந்து காணாத பெற்றோரின் உயில்.