வழிமறித்த காசு

ஹஜ்ஜு கடமையாவதற்குரிய நிபந்தனைகளை ஷாஃபியீ மத்ஹபின் சட்ட நூல்கள் எடுத்துரைக்குமிடத்தில், வழி அச்சமற்றதாயிருத்தல் என்பதும் ஒன்றாக வரும். உயிருக்கு மட்டுமன்று, பொருளுக்கும் அச்சம் இருத்தலாகாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் கொடிய விலங்கு, பகைவன் என்னும் இருவகை அச்சங்களைக் கூறி, அவற்றோடு மூன்றாவதாக ‘ரஸதீ’ என்று ஒருவனைச் சேர்க்கிறார்கள். பாதையிலே காத்திருந்து, வருவோர் போவோரிடம் காசு கேட்பவனுக்கு அப்பெயர். வேறு வழி இல்லாதவிடத்து இவன் நிற்பானாயின் ஹஜ்ஜு கடமையாவதில்லை. மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் ‘ஃபத்ஹுல் முயீன்’ நூலில் இன்னும் ஒரு படி மேற்சென்று, அவன் எடுப்பது சொற்பமேயாயினும் சட்டம் அதுவே என்று குறித்தார்கள்.

இவ்விடத்தை ஓதும் மாணவர்கள் ரஸதீ என்றால் கொள்ளைக்காரன் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு கடந்து போவதுண்டு. அவ்வுரை போதாது. கொள்ளைக்காரனைப் பகைவன் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடலாமே! வரலாற்றைப் புரட்டினால், வழியில் நின்றவன் பல வேளைகளில் அரசாங்கத்தின் ஆளாகவே இருந்திருக்கிறான். கையிலே கத்தியன்றிப் பேரேடு வைத்திருந்தவன். அவன் வாங்கிய காசுக்கு அரபியில் ‘மக்ஸ்’ என்று பெயர். மக்ஸ் வாங்குவோனைப் பற்றிய கடும் எச்சரிக்கை அபூதாவூத் முதலான ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது.

ஆயின், பயணத்தில் கேட்கப்படும் எந்தக் காசும் தவறு என்று அவ்வறிஞர்கள் சொல்லிவிடவில்லை. ரஸதீயைப் பற்றிச் சொன்ன அதே இடத்திலேதான், வழித்துணையாக வந்து காக்கும் வீரர்க்குரிய கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்றும் நவவீ இமாம் அவர்கள் எழுதுகிறார்கள். காவற்காரன் ஒரு வேலை செய்கிறான், அதற்குக் கூலி. ரஸதீ செய்யும் வேலை யாது? வழியை மறித்தல், பின் விலகிக்கொள்ளல். இவ்விரண்டுக்குமிடையே கோடு கிழித்தது வெறும் ஏட்டுக் கல்வியன்று. அக்காலத்து ஹாஜிகள் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு அதன் தேவை விளங்கும்.

அப்பாட்டை எழுதி வைத்தோருள் தலையாயவர் அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர். 1145இல் வலன்ஸியாவில் பிறந்தவர். கர்னாதா ஆளுநரிடம் எழுத்தராயிருந்தவர். அவ்வாளுநர் இவரை வற்புறுத்தி ஏழு கிண்ணம் மது அருந்தச் செய்து, பின் இரங்கி அதே கிண்ணத்தை ஏழு முறை தீனாரால் நிரப்பித் தந்தார் என்றும், பாவம் தீர ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இவருக்கு அதுவே வழிச்செலவாயிற்று என்றும் பிற்காலத்து மக்கரீ ஒரு கதை சொல்கிறார். கதை எப்படியாயினும் 1183இல் இவர் புறப்பட்டது மெய். அன்றாடம் கண்டதை அன்றன்றே குறிப்பவர் போல் எழுதிய அவருடைய ‘ரிஹ்லா’வில் பள்ளிவாசல்களின் வருணனை எவ்வளவோ, அவ்வளவு சுங்கச் சாவடிகளின் வருணனையும் உண்டு.

முதல் அனுபவம் இஸ்கந்தரிய்யாத் துறைமுகத்தில். கப்பல் நங்கூரமிட்டதும் அதிகாரிகள் ஏறி ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் பதிந்தனர். கையிலுள்ள சரக்குக்கும் காசுக்கும் ஜகாத் கேட்டனர். ஜகாத் என்பது பொருள் ஓராண்டு கைவசமிருந்தால் வருவது. ஓராண்டு ஆயிற்றா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் வழிச்செலவுக்கு மட்டுமே காசு வைத்திருந்த ஹாஜிகள். மூட்டைகள் சுங்க மண்டபத்தில் கொட்டப்பட்டன. ஒருவர் பொருள் இன்னொருவர் பொருளோடு கலந்தது. இடுப்பு மடிப்புகளில் கைவிட்டுத் துழாவினர். வேறேதும் இல்லையென்று சத்தியமும் வாங்கினர். நைல் நதிவழியே தெற்கு நோக்கிச் செல்கையில் ஊருக்கு ஊர் இதே கதை. நீண்ட கூரூசிகளை மூட்டைகளுக்குள் குத்திக் குத்திப் பார்த்தார்களாம். ஸுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்கள் இதனை அறிந்திருந்தால் ஒருநாளும் பொறுத்திருக்க மாட்டார்கள் என்று இப்னு ஜுபைர் எழுதுகிறார். மன்னர் நல்லவர், ஏவலர் தீயவர் என்று நம்புவது எக்காலத்துப் பயணிக்கும் ஓர் ஆறுதல் போலும்!

செங்கடற்கரையிலுள்ள அய்தாப் என்னும் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடக்க வேண்டும். அங்கே ‘ஜல்பா’ என்னும் மரக்கலங்கள். ஆணியின்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. நம் கடற்கரையார்க்குப் பழக்கமான கைவேலைதான். கலத்தின் உரிமையாளர்கள் ஒரே பயணத்தில் கலத்தின் விலையையே எடுத்துவிடக் கருதி, கூண்டில் கோழிகளை அடைப்பது போல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினர். கலம் கொடுப்பது எம் பொறுப்பு, உயிர் காத்துக்கொள்வது உம் பொறுப்பு என்பது அவர்களிடையே வழங்கிய பேச்சு. அய்தாப் வழியே எவரும் வரவேண்டாம், இயன்றால் பக்தாத் வழியே சுற்றிப் போங்கள் என்று தம் நாட்டாருக்கு அறிவுரை எழுதி வைத்தார் அவர்.

இவ்வளவும் கூட, முன்னிருந்த நிலைக்கு இலேசானதே. எகிப்தில் ஃபாத்திமிகள் ஆண்ட காலத்தில் ஹாஜி ஒருவருக்கு ஏழரை எகிப்தியத் தீனார் வீதம் மக்ஸ் இருந்தது. வசதியுடையார், இல்லார் என்ற வேறுபாடு இல்லை. கொடுக்க இயலாதவர்கள் அய்தாபில் சித்திரவதை செய்யப்பட்டனர். இப்னு ஜுபைர் எழுதியிருக்கும் விவரத்தை இங்கே எடுத்தெழுதக் கை கூசுகிறது. அய்தாபில் எப்படியோ தப்பியவருக்கு ஜித்தாவில் இரட்டிப்பு வேதனை காத்திருந்தது. காசு செலுத்தியமைக்கு அடையாளமின்றி அவர் பெயர் அங்கே வந்து சேர்ந்திருக்குமல்லவா?

1171இல் ஃபாத்திமி ஆட்சி முடிவுற்றது. அதன்பின் ஸலாஹுத்தீன் அவர்கள் இந்த மக்ஸை ஒழித்தார்கள். ஒழித்த முறைதான் கவனிக்கத்தக்கது. வாங்காதே என்று ஆணையிட்டதோடு நின்றுவிடவில்லை. மக்காவின் அமீருக்கு அக்காசு வாழ்வாதாரம். ஹிஜாஸோ விளைச்சலற்ற பூமி. ஆகவே ஆண்டுக்கு 2000 தீனாரும் 2000 இர்தப்புக் கோதுமையும் தம் கருவூலத்திலிருந்து அனுப்புவதென்றும், மேல் எகிப்திலும் யமனிலும் சில நிலங்களின் வருவாயைச் சேர்ப்பதென்றும் ஏற்பாடு செய்தார்கள். ஹாஜியின் மடியிலிருந்து வந்த காசு அரசின் கருவூலத்திலிருந்து வரலாயிற்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம் நாட்டில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றதை ஈண்டு நினைவு கூரலாம். உல்கு என்று குறளும் கூறும் சுங்கத்தைத் தவிர்த்த மன்னனை மக்கள் எளிதில் மறப்பதில்லை. மக்காவின் ஜும்ஆப் பிரசங்கத்தில் ஸலாஹுத்தீன் பெயர் கூறப்பட்டபோது எழுந்த ‘ஆமீன்’ முழக்கத்தை இப்னு ஜுபைர் நெஞ்சுருக எழுதியுள்ளார்.

ஆனால் அந்த ஏற்பாட்டிலும் ஒரு பொத்தல் இருந்தது. 1183இல் நம் பயணி ஜித்தாவை அடைந்தபோது எகிப்திலிருந்து தானியமும் காசும் வந்து சேரவில்லை. அமீர் முக்திர் ஹாஜிகளைத் தடுத்து நிறுத்தினார். ஒருவருக்கொருவர் பிணை நின்றாலன்றி ஹரமுக்குள் விடுவதில்லை. ஸுல்தானின் பொருள் வந்தால் நல்லது, வராவிடில் ஹாஜிகளிடமே வாங்கப்படும் என்பது அவர் ஆணை. அல்லாஹ்வின் ஹரம் தம் பாட்டன் சொத்து என்பது போல் அவர் பேசியதாக இப்னு ஜுபைர் கொதிக்கிறார். கொதிப்பு நியாயமே. எனினும் அமீரை மட்டும் குறை கூறி முடிக்க என் மனம் இடந்தரவில்லை. வாயிற்காவலனின் வயிற்றுப்பாட்டை வேறெங்கோ உள்ள கருவூலம் ஏற்றுக்கொண்டு, அதனை நாள் தவறி அனுப்புமானால், வாயிலில் நிற்கும் பயணியே மீண்டும் அடகுப் பொருளாகிறான். அந்தலூஸின் ஃபகீஹுகள் தம் மக்கள்மீதிருந்து ஹஜ்ஜுக் கடமை நீங்கிவிட்டது என்று கூறியது சரிதான் என்று சொல்லுமளவுக்கு இப்னு ஜுபைர் போய்விட்டார். மின்ஹாஜின் ‘ரஸதீ’க்கு இதைவிட நல்ல விளக்கவுரை நான் அறியேன். அவ்வேளை நவவீ இமாம் அவர்கள் பிறக்கவும் இல்லை. அவர்கள் பிறப்பு 1233இல்.

திரும்பும் வழியில் 1184இல் அவர் சிலுவைப் போராளிகளின் வசமிருந்த அக்காவுக்கு வந்தார். அங்கே சுங்கச் சாவடியில் கிறித்தவ எழுத்தர்கள் பொன்னணி செய்த கருங்காலி மைக்கூடுகளோடு அமர்ந்து, அரபியில் பேசி, அரபியிலேயே கணக்கெழுதினர். சோதனை பண்போடு நடந்தது. சுமையேற்றல் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்கு முந்திய திப்னீன் கோட்டையில் மட்டும் மஃரிபியர் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் கொடுக்க நேர்ந்தது. முன்னொரு போரில் மஃரிபியர் சிலர் நூருத்தீனோடு சேர்ந்து அவர்களுடைய கோட்டை ஒன்றைத் தாக்கியதற்கான தண்டம் அது. சிரியா நாட்டு முஸ்லிம்களுக்கு அது இல்லை. தண்டமேயானாலும் இன்னதற்கு இவ்வளவு என்று சொல்லி வாங்கினர். பகைவன் சாவடியில் காணாத கசப்பை அவர் தம்மவர் சாவடியில் கண்டார் என்பதை எழுதத் தயங்காத நேர்மைக்காகவே அந்நூலைப் படிக்கலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் ரஸதீ கடலுக்குள் இறங்கிவிட்டான். போர்த்துக்கேயர் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொண்டனர். சீட்டு வாங்கியவர்களும் அவர்கள் துறையில் ஒதுங்கி வரி கட்ட வேண்டியிருந்தது. பேரரசர் அக்பரின் அத்தை குல்பதன் பேகம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுச் சூரத்தில் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. அச்சீட்டுகளில் ஈஸா நபி (அலை), மர்யம் (அலை) உருவங்கள் இருந்தமையையும், தரைவழி ஷியாக்கள் நாட்டினூடே செல்வதையும் காரணங்காட்டி, அக்பர் அவையின் மக்தூமுல் முல்க் என்பார் ஹஜ்ஜு கடமையில்லை என்று தீர்ப்பளித்ததாகப் பதாயூனி எழுதியுள்ளார். பதாயூனிக்கு அவர்மீது நல்லெண்ணம் கிடையாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் பக்கம் வருவோம். மேற்சொன்ன ஃபத்ஹுல் முயீன் ஆசிரியரே ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் வரலாற்று நூலையும் எழுதியவர். அவருடைய முன்னோர் மஅபர் எனப்பட்ட நம் கரையிலிருந்து பொன்னானிக்குச் சென்றவர்கள். போர்த்துக்கேயர் செய்த கொடுமைகளுள் ஹஜ்ஜுப் பயணத்தைத் தடுத்ததையும் அந்நூலில் அவர் எண்ணுகிறார். அத்தகையவர் சட்ட நூல் எழுதும்போது ‘சொற்பமேயாயினும்’ என்ற சொல்லைச் சேர்த்ததில் வியப்பென்ன?

நீராவிக் கப்பல் வந்தபின் வாயில்கள் பலவாயின. 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் நோய்த்தடுப்புக் காவல். தங்க வைத்ததற்கும் கட்டணம். 1886இல் ஆங்கில இந்திய அரசு தாமஸ் குக் கம்பெனியாரை ஹஜ்ஜுப் பயண முகவராக்கி, இரயிலுக்கும் கப்பலுக்கும் ஒரே சீட்டு என்றொரு முறையை நடத்திப் பார்த்தது. 1893க்குள் அது முடிந்துபோயிற்று. ஸவூதி அரசு ஹாஜிகளிடம் வாங்கிவந்த வரியை, எண்ணெய் வருவாய் பெருகிய பின் 1952இல் நீக்கியது. ஸலாஹுத்தீன் அவர்கள் கண்ட வழிதான்: வேறொரு வருவாய் வந்தபின் வாயிற் காசு நின்றது.

இன்று வாயில் விமான நிலையத்தில் இருக்கிறது. நம் நாட்டில் பயணியிடம் பெறும் நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தை விமானச் சீட்டிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இலண்டன் ஹீத்ரோவில் 2021 நவம்பரில் வந்தது வேறு வகை. பயணியை முனையத்தின் வாசலில் இறக்கிவிடக் கொண்டுவரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் 5 பவுன். பின்னர் அது உயர்ந்தது. நெரிசலையும் புகையையும் குறைக்கவே என்றனர். பெருந்தொற்றால் பயணிகள் குறைந்து நிலையம் பெரும் நட்டத்தில் இருந்த வேளை அது என்பதும் உண்மை. அமீர் முக்திரின் விளையா நிலம் நினைவுக்கு வருகிறது. அங்கே தடுப்புக் கட்டையும் இல்லை, கூரூசி பிடித்த ஆளும் இல்லை. கேமரா வாகன எண்ணைப் பதிந்துகொள்ளும். மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ தாமே செலுத்த வேண்டும். தவறினால் 80 பவுன் தண்டம். பதினான்கு நாளுக்குள் கட்டினால் 40.

இதனை ரஸதீயோடு வைத்து எண்ணலாமா? மின்ஹாஜில் ‘வேறு வழி இல்லாதவிடத்து’ என்ற நிபந்தனை உண்டல்லவா? ஹீத்ரோவில் நீண்டநாள் வண்டி நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டால் காசில்லை. அங்கிருந்து இலவசப் பேருந்தும் உண்டு. ஆகவே சட்டப்படி அவனை ரஸதீ என்று சொல்லிவிட இயலாது. ஆயின் ஃபிக்ஹில் வாடகை ஒப்பந்தத்துக்கு மற்றொரு நிபந்தனை இருக்கிறது. கூலி இன்னதென்று ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாக் கூலியில் ஒப்பந்தமே செல்லாது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியம், தவிர்க்க முடியாத வரிகளும் கட்டணங்களும் அடங்கிய முழுத் தொகையையே விமான நிறுவனங்கள் முதலிற் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது இந்நிபந்தனைக்கு மிக நெருங்கியது. ஆனால் அச்சட்டம் பேசுவது விமானச் சீட்டின் விலையை. வாசலில் நிற்கும் வாகனத்துக்கு அது எட்டாது. கேமரா இருக்கிறதென்று அறியாத வெளியூர்ப் பிள்ளை தாயை இறக்கிவிட்டு வீடு திரும்பிவிடுகிறான். பின்னர் தண்டக் கடிதம் வருகிறது. டாக்ஸியில் வந்தவருக்கோ கடிதம் வருவதில்லை. ஓட்டுநர் அந்த வாயிற் காசை வாடகையோடு சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.