‘குன்’னை வெட்டிய பெயர்

ஜப்பானின் ‘தற்காப்புப் படை’ என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. ஜப்பானியப் பெயரிலோ படையே கிடையாது. ‘ஜியெய்த்தாய்’ என்பதில் ‘ஜி’ தன்னைக் குறிக்கும். ‘எய்’ என்றால் காவல். ‘தாய்’ என்றால் அணி, குழு. (நம் தாய்க்கும் அதற்கும் உறவில்லை.) மீட்புக் குழு, ஆய்வுப் பயணக் குழு என்று எதன் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் சாதுவான சொல் அது. ராணுவத்துக்கு அங்கே ‘குன்தாய்’ என்று பெயர். அதிலிருந்த ‘குன்’னைத்தான் வெட்டிவிட்டார்கள்.

வெட்டவைத்தது 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம். தரை, கடல், வான் படைகளையோ வேறு போர்வலிமையையோ வைத்துக்கொள்வதில்லை என்கிறது அதன் 9ஆம் பிரிவு. மூன்றே ஆண்டில் கொரியப் போர் மூண்டது. ஜப்பானிலிருந்த அமெரிக்கத் துருப்புகள் கொரியாவுக்குப் போக, 75,000 பேர் கொண்ட ‘தேசியக் காவல் சேமப்படை’யை அமைக்கச் சொல்லிப் பிரதமர் யோஷிதாவுக்கு 1950 ஜூலையில் கடிதம் எழுதினார் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படைகளின் தலைவர் மெக்ஆர்தர். சேமப்படை என்று நான் எழுதினாலும், மூலத்தில் ‘யொபிதாய்’தான்; அங்கும் குன் இல்லை. 1952இல் அது ‘ஹொஅன்தாய்’ ஆயிற்று. 1954 ஜூலை 1 முதல் ஜியெய்த்தாய்.

வேடிக்கை தளவாடங்களில்தான். போலீஸ்காரரிடம் டாங்கி இருக்கலாமா? ஆகவே அதற்குத் ‘தொக்குஷா’, அதாவது சிறப்பு வண்டி என்று பெயர் வைத்தார்கள். டாங்கிக்காவது பின்னாளில் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. காலாட்படை இன்றும் ‘பொதுப் பிரிவு’. பீரங்கிப்படை ‘சிறப்புப் பிரிவு’. நாசகாரிக் கப்பலுக்குப் பெயர் ‘கொஎய்கன்’, காவல் துணைக் கப்பல். 248 மீட்டர் நீளத் தட்டையான மேல்தளத்தோடு 2015இல் பணியில் சேர்ந்த ‘இசுமோ’, எஃப்-35பி போர் விமானங்கள் இறங்கும்படி மாற்றப்பட்ட பிறகும் காவல் துணைக் கப்பலாகவே பதிவேட்டில் இருக்கிறது.

பாசாங்கு என்று சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெயர் ஒரு கடிவாளமாகவும் இருந்தது. ஜியெய்த்தாயை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1954 ஜூனிலேயே மேலவை தீர்மானம் போட்டது. தாக்குதலை எதிர்க்கக் களமிறக்கவும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். 1992இல் ஐ.நா. அமைதிப் பணிக்காகக் கம்போடியா போகத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. இந்த அமைப்பே சாசனத்துக்கு விரோதம் என்று 1973இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 1976இல் கவிழ்ந்தது.

குன்னைத் திரும்ப ஒட்டப் பார்த்தவர்களும் உண்டு. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லிபரல் ஜனநாயகக் கட்சி 2012 ஏப்ரலில் தயாரித்த சாசன வரைவில் ‘கொக்குபோகுன்’, தேசப் பாதுகாப்பு ராணுவம் என்று இருந்தது. அந்த வரைவு ஏறவில்லை. 2015 மார்ச்சில் பிரதமர் அபே நாடாளுமன்றத்தில் ‘வகாகுன்’, நம் ராணுவம் என்று சொல்லிவிட, எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன.

ஆனால் அதற்கு முன்பே காரியம் முடிந்திருந்தது. நெருங்கிய நட்பு நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து என்றாலும் ஆயுதம் எடுக்கலாம் என்று 2014 ஜூலை 1 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அது சட்டமும் ஆயிற்று. பெயரிலுள்ள ‘ஜி’க்குள் இப்போது பிற நாடும் அடக்கம். சாசனத்தைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். மக்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை அமைச்சரவை தனக்குத்தானே கேட்டு விடையும் எழுதிக்கொண்டது; இது குறுக்குவழி என்பதே என் கட்சி.