ஷாங்காயிலிருந்து விழிஞ்ஞம் வந்த கிரேன்

2023 அக்டோபரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் உள்ள புதிய துறைமுகத்துக்கு முதன்முதலாக வந்த பெருங்கப்பலில் வாணிபச் சரக்கு ஏதும் இல்லை. 'ஷென் ஹுவா 15' என்ற அந்தக் கப்பலின் தட்டையான மேல்தளத்தில் விழிஞ்ஞத்துக்கென்று மூன்று கிரேன்கள் நின்றபடியே வந்தன. ஒன்று, கப்பலுக்கும் கரைக்கும் இடையே கண்டெய்னரைத் தூக்கி மாற்றுவது. மற்ற இரண்டும் யார்டில் பெட்டிகளை அடுக்குபவை. ஷாங்காயில் ஏற்றி, வழியில் குஜராத்தின் முந்த்ராவில் அங்கே வேண்டியவற்றை இறக்கிவிட்டு, மேற்குக் கடற்கரை ஓரமாகத் தெற்கே வந்திருந்தது கப்பல். அக்டோபர் 15 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் நேரில் வந்து வரவேற்றார். ஒரு கருவிக்கு இத்தனை மரியாதையா என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. பாதி கட்டி முடித்திருந்த அந்தத் துறைமுகம் இனி எந்தக் கப்பல்களோடு வாழப்போகிறது என்பது அந்தக் கரைக் கிரேனின் கை நீளத்திலேயே எழுதியிருந்தது.

கிரேனைச் செய்யச் சொல்வதற்கு வெகுமுன்பே கேட்க வேண்டிய கேள்வி, என்ன சரக்கு என்பது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டபோது அதன் முதன்மை வேலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவது. அங்கே கப்பலின் வயிற்றுக்குள் வாயைத் திறந்து இறங்கி, அள்ளி, கன்வேயர் பெல்ட்டுக்குக் கொடுக்கும் இறக்கிகள்தான் தேவை. தூத்துக்குடியில் பலவகைச் சரக்கு. இன்று நிலக்கரி, நாளை காற்றாலையின் நீண்ட இறக்கை. அங்கே டயர் சக்கரங்களில் பெர்த்துக்குப் பெர்த் நகரும் மொபைல் கிரேன் பெரிய உதவி. கொக்கியை மாட்டினால் இறக்கையைத் தூக்கும், கிராப் மாட்டினால் நிலக்கரியை அள்ளும், கண்டெய்னரையும் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் அது உடலோடு அரைவட்டம் சுழல வேண்டும். தண்டவாளத்தில் நிற்கும் கேன்ட்ரி கிரேனில், கையின் அடியில் டிராலி நேர்க்கோட்டில் போய் நேர்க்கோட்டில் திரும்பும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை மாற்றும் இடத்தில் அந்த வேறுபாடு நாட்கணக்காகிவிடும்.

விழிஞ்ஞம் நம்பியிருப்பது பெட்டிகளை மட்டும்தான். கரையருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதையோ ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில். தாய்க்கப்பலில் வரும் பெட்டிகளை இறக்கி, சிறு கப்பல்களில் ஏற்றி மற்றத் துறைமுகங்களுக்கு அனுப்புவதே இங்கே தொழில். இந்தியாவின் இந்த வகைச் சரக்கில் பெரும்பங்கு கொழும்பு, சிங்கப்பூர், ஜெபல் அலி வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அவற்றோடு போட்டி போட வேண்டுமானால் இன்று கடலில் ஓடும் மிகப்பெரிய கப்பலுக்கும் கை எட்டியாக வேண்டும். 2025 ஜூனில் இங்கே வந்த 'எம்.எஸ்.சி. ஐரினா' 61 மீட்டருக்கும் மேல் அகலம். அதில் குறுக்காக 24 வரிசைப் பெட்டிகள் நிற்கும். பழைய பனாமா கால்வாய்க்கு அடங்கிய கப்பல்களில் 13 வரிசைதான். அந்தப் பதின்மூன்றுக்கென்று வாங்கிய கிரேன் ஐரினாவின் நடுப்பகுதியோடு நின்றுவிடும்.

கிரேன் கரையில்தான் நிற்க வேண்டும் என்பதுகூட ஒருகாலத்தில் விவாதத்துக்குரியதாக இருந்தது. கண்டெய்னர் தொழிலைத் தொடங்கிவைத்த மால்கம் மெக்லீன், 1957இல் 'கேட்வே சிட்டி' கப்பலின் மேலேயே கிரேன்களைப் பொருத்தினார். அவருடைய கப்பல்கள் பல ஊர்களுக்குப் போயின. ஊர்தோறும் கிரேன் கட்டி மாளாது. அதே காலத்தில் மேட்சன் நிறுவனம் அமெரிக்க மேற்குக் கரைக்கும் ஹவாய்க்கும் இடையே சில துறைமுகங்களில் மட்டுமே கப்பல் ஓட்டியது. ஒவ்வொரு பயணத்திலும் கிரேனின் எடையைச் சுமப்பானேன் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1959 ஜனவரியில் கலிபோர்னியாவின் அலமேடாவில், பெசிகோ நிறுவனம் அவர்களுக்காகச் செய்த கிரேன் வேலையைத் தொடங்கியது. சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு பெட்டி. இருவர் கணக்கும் அவரவர் பாதைக்குச் சரியே. விழிஞ்ஞத்துக்கு வந்தது அலமேடா வம்சம்.

என் கணிப்பில் இந்தத் தேர்வில் கடினமான பகுதி யார்டு. கரைக் கிரேனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், படம் எடுப்பார்கள். ஆனால் யார்டில் பெட்டி நகரவில்லையென்றால் கரையில் எத்தனை வேகமும் வீண். இந்தியத் துறைமுகங்களில் பழக்கமானது ஆர்.டி.ஜி., அதாவது டயரில் ஓடும் கேன்ட்ரி. ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு மாறிப்போகும். தளம் போடும் செலவும் குறைவு. பெரும்பாலும் டீசல் குடிக்கும். விழிஞ்ஞம் தேர்ந்தது தண்டவாளத்தில் ஓடும் மின்சாரக் கிரேனை. அதன் இரு பக்கமும் கை நீண்டிருப்பதால் லாரி பெட்டிகளுக்கு நடுவே நுழைய வேண்டியதில்லை, ஓரத்தில் நின்றாலே போதும். ஓடும் தடம் மாறாது என்பதால் தானியங்கியாக இயக்குவதும் எளிது. பதிலுக்குக் கொடுக்கும் விலை பெரியது: தண்டவாளம் போட்டபின் யார்டின் வடிவத்தை மாற்ற முடியாது. கலவையான சரக்கோடு திணறும் ஒரு பழைய துறைமுகம் இதைப் பார்த்து அப்படியே வாங்கினால் கஷ்டப்படும். வெற்று நிலத்தில், ஒரே வகைச் சரக்குக்கென்று தொடங்கிய இடத்துக்கு இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இனி இறக்கம். ஆயிரம் டன்னைத் தாண்டும் கரைக் கிரேனை இன்னொரு கிரேன் தூக்கிவைக்க முடியாது. கப்பலின் அடித்தொட்டிகளில் நீரை ஏற்றியும் இறக்கியும் மேல்தளத்தைப் பெர்த்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். கப்பலிலிருந்து கரைக்குத் தண்டவாளத் துண்டுகளைப் பாலமாகப் போட்டு அங்குலம் அங்குலமாக இழுப்பார்கள். எடை கரைக்கு மாற மாறக் கப்பல் மேலெழும். அதற்கேற்ப நீரையும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அலை எழுந்தால் வேலை நிற்கும். விழிஞ்ஞத்திலும் கடல் அடங்கக் காத்திருக்க நேர்ந்தது.

2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' கப்பலின் பெட்டிகளை இந்தக் கிரேன்கள் இறக்கின. யார்டுக் கிரேன்களை இன்று தூரத்து அறையில் திரைமுன் அமர்ந்து இயக்குபவர்களில் பெண்களும் உண்டு. அவர்களில் பலர் பக்கத்து மீனவக் குடும்பங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்றவர்கள். அதே கடலோர ஊர்கள்தாம் 2022இல், கடலரிப்பில் வீடு இழந்தோம், இந்தத் துறைமுகமே காரணம் என்று மாதக்கணக்கில் போராடின. சில பெண்களுக்குக் கிடைத்த நல்ல வேலை அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகிவிடாது. இரண்டாம் கட்டத்தில் பெர்த் நீளும், கிரேன்களும் கூடும். அவற்றை இயக்கும் இருக்கைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அதிகமாக அமர வேண்டும். கரையிழந்தவர்களுக்கு வீடும் கிடைக்க வேண்டும்.