நாவலரும் பிரசங்கக் கலையும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்தனர். பரிமேலழகர் இவற்றை அமைச்சுக்குரியனவாகக் கொண்டார். ஆகவே, ஆண்டுக் கருதப்பட்ட அவை அரசவையும் கற்றோர் அவையுமேயாம். எழுத்தறியாதாரும் கூடியிருக்கும் அவையிலே ஒரு பொருளை எடுத்து, உரைநடையில் வகுத்து விளக்கும் பேச்சு தமிழிற் பிற்காலத்தது. அது யாழ்ப்பாணத்துச் சைவரிடையே வேரூன்றியவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நாட்டில் இருவகை உரைமரபுகள் நிலவின. ஒன்று கோயில்களில் நிகழ்ந்த புராணபடனம். ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். அங்கே செய்யுளே தலைமை பெற்றது. உரை அதன் பின்னே சென்றது. மற்றையது மிஷனரிமாரின் பிரசங்கம். குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே, ஒரு பொருளைப் பகுதி பகுதியாக வகுத்து, கேட்போர் மனம் மாறும்படி பேசுதல் அதன் இயல்பு.

இவ்விரண்டையும் நன்கறிந்தவர் ஆறுமுக நாவலர். நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நண்பர் கார்த்திகேசையரும் அப்பணியிற் பங்குகொண்டார். சிவதீட்சை, சிவலிங்க வழிபாடு ஆகிய சமயப் பொருள்களோடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய ஒழுக்கங்களும் பேசப்பட்டன. பாதிரிமாரின் முறையை மேற்கொண்டு, அதற்குச் சைவ நூல்களின் பிரமாணத்தை உயிராக்கினமையே அவர் செய்த புதுமையாகும்.

1849ஆம் ஆண்டு திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் சொல்வன்மையை வியந்து ‘நாவலர்’ என்னும் பட்டம் அளித்தனர். பேச்சு எழுத்துக்கும் வழிவகுத்தது. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் செய்யுளிலிருந்த பொருளை யாவரும் படித்தறியத்தக்க உரைநடையாக்கிற்று. நிறுத்தக் குறிகளை அவர் தமிழ் வசனத்திற் பெரிதும் வழங்கினமையும் கருதற்பாலது. எங்கே நிறுத்தல் வேண்டும் என்பதை அறிந்தவனே நன்கு பேசுவான். நன்கு எழுதுவானும் அவனே.

எனினும், வரலாறு கூறுவோன் ஒன்றை மறைத்தல் தகாது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களுட் புகும் உரிமை எல்லாச் சாதியார்க்கும் இருந்ததில்லை. நாவலரும் அச்சாதியாசாரத்தை ஏற்றவரே. ஆதலின், யாவர்க்கும் விளங்கும் மொழியில் எழுந்த அப்பேச்சு யாவர் செவிக்கும் நேரே எட்டிற்றில்லை. கோயிற் கதவுகளைத் திறப்பித்தல் பின்வந்தோர் போராடிச் செய்த பணியாயிற்று.

இக்காலத்து மாணவர் சிலர் அடுக்குமொழியும் உரத்த குரலுமே பேச்சுக்கலை என மயங்குகின்றனர். மேடையேறுமுன் சொல்லத்தக்க பொருளைத் தேடுக; அதனை வகுத்து எழுதுக; பிரமாணம் இல்லாததை நீக்குக; எழுதியதை வாய்விட்டுப் படித்துத் திருத்துக. இவற்றோடு, யார்க்காகப் பேசுகின்றோம், அவர்களுள் யார் இங்கே வரமுடியாது நிற்கின்றனர் என்பதையும் எண்ணுக. அவையறிதல் என்பதன் முழுப்பொருள் அதுவேயாம்.