கேவெண்டிஷ் ஆய்வகக் கட்டடங்கள்

கேவெண்டிஷ் ஆய்வகம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியல் துறை. 1874 முதல் இன்றுவரை அது மூன்று இடங்களில் இயங்கியிருக்கிறது. முதல் கட்டடம் நகரின் நடுவே, ஃப்ரீ ஸ்கூல் லேன் என்னும் குறுகிய தெருவில் எழுந்தது. 1970களின் முற்பகுதியில் துறை நகரின் மேற்கு விளிம்புக்குப் போனது. மூன்றாவது கட்டடமான ரே டால்பி மையம், அதே மேற்கு வளாகத்தில் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. எலக்ட்ரான், நியூட்ரான், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் ஆகியவை இந்த ஆய்வகத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்ட பெயர்கள். இத்தனை சாதனைக்கும் இடம் கொடுத்த கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் இயற்பியலில் கட்டடம் வெறும் கூரையாக இருப்பதில்லை. தரை அதிர்ந்தால் அளவு பிழைக்கும். அடுத்த அறையில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமுள் அசையும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பின்னால் இடநெருக்கடியோடு இந்தக் கவலையும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கேம்பிரிட்ஜில் இயற்பியல் என்றால் பெரும்பாலும் கணிதம்தான். மாணவர்கள் ஒளியையும் வெப்பத்தையும் சமன்பாடுகளாகக் கற்றார்கள். கருவியைக் கையில் எடுக்கும் வாய்ப்பு அரிது. கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன் ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார், ஆக்ஸ்ஃபோர்டில் கிளாரண்டன் ஆய்வகம் உருவாகிக்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் பின்தங்குகிறது என்ற கவலையில் 1869இல் ஒரு குழு, செய்முறை இயற்பியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியும் ஓர் ஆய்வகமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் 6,300 பவுண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். செலவைப் பகிர்ந்துகொள்ளக் கல்லூரிகள் முன்வரவில்லை. 1870இல் பல்கலைக்கழக வேந்தரான ஏழாம் டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவெண்டிஷ் முழுத் தொகையையும் தாமே தருவதாக எழுதினார். அவர் அதே பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். ஹைட்ரஜனை ஆராய்ந்த, பூமியின் அடர்த்தியை அளந்த ஹென்றி கேவெண்டிஷின் குடும்பத்தில் வந்தவர். கட்டி முடித்தபோது செலவு 8,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. கூடுதலையும் கோமகனே ஏற்றார்.

1871இல் முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தக் கோட்பாட்டை வகுத்தவர் என்றே அவரை உலகம் அறியும். கட்டட வரைபடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. கிளாஸ்கோ, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகங்களை நேரில் பார்த்துவிட்டு வந்து, கட்டடக் கலைஞர் வில்லியம் ஃபாசெட்டிடம் தம் தேவைகளைச் சொன்னார். கட்டடம் முடியும்வரை அவருக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. காலியாக இருக்கும் பிறர் அறைகளில் பாடம் நடத்தினார்.

மேக்ஸ்வெல் கேட்டு வாங்கிய வசதிகள் இன்று படிக்கும்போதும் வியப்பூட்டுகின்றன. காந்த அளவீடுகளுக்கான அறையைத் தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டி அமைத்தார்கள். மாடி அறைகளில் கருவி மேசைகளைத் தாங்கும் உத்தரங்கள் நடக்கும் தரையோடு சேராமல் சுவரில் தனியாகப் பதிந்திருந்தன. ஒருவர் மேசையைச் சுற்றி நடந்தாலும் கருவி அசையாது. விரிவுரைக் கூடத்தில் ஆசிரியரின் நீண்ட மேசைக்கும் இதே ஏற்பாடு. அதற்கு எதிரே சுமார் 180 பேர் உட்காரக்கூடிய செங்குத்தான படிவரிசை. சன்னல்களுக்கு வெளியே அகலமான கல் விளிம்புகள் நீண்டிருந்தன. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் கண்ணாடியை அங்கே வைத்து வெயிலை அறைக்குள் திருப்பலாம். நல்ல மின்விளக்கு இல்லாத அந்தக் காலத்தில் ஒளியியல் சோதனைக்கு வெயிலே விளக்கு. கோபுரத்தின் உச்சியில் ஒரு நீர்த்தொட்டி இருந்தது. அங்கிருந்து கீழே பாயும் நீர், கண்ணாடிக் குடுவைகளிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பை இயக்கியது. நுழைவாயிலின் ஓக் மரக்கதவில் விவிலியச் சங்கீதம் ஒன்றிலிருந்து ஒரு வரி லத்தீனில் செதுக்கப்பட்டது. 1874 ஜூன் மாதத்தில் கட்டடம் முறைப்படி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

மேக்ஸ்வெல் 1879இல் மறைந்தார். அடுத்து வந்த ராலே பிரபு, செய்முறை வகுப்புகளை ஒழுங்கான பாடத்திட்டமாக மாற்றினார். அந்த வகுப்புகளில் பெண்களும் ஆண்களோடு சமமாகச் சேர அனுமதி கிடைத்தது அவர் காலத்தில்தான். பெண்களுக்குப் பட்டம் வழங்குவதற்கு அந்தப் பல்கலைக்கழகம் இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். 1884இல் பொறுப்பேற்ற ஜே. ஜே. தாம்சன் காலத்தில் கட்டடம் முதன்முறையாகத் திணறியது. 1895இல் பல்கலைக்கழகம் தன் விதியை மாற்றி, பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகளையும் ஆய்வு மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்திலிருந்து எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு வந்தது அந்த ஆண்டில். மருத்துவ மாணவர்களும் செய்முறை வகுப்புக்குத் திரண்டதால் 1896இல் விரிவாக்கம் நடந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, மாணவர் கட்டணத்திலிருந்து தாம்சன் சிக்கனமாகச் சேர்த்து வைத்தது. மறு ஆண்டு அவர் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1908இல் எழுந்த அடுத்த பகுதிக்கு ராலேயின் பெயர். 1904இல் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையிலிருந்து அவர் கொடுத்த பணம் அதில் சேர்ந்திருந்தது.

1919இல் ரூதர்ஃபோர்டு தலைவரானபோது, கருவிகள் மேசைமேல் அடங்கும் அளவில் இருந்தன. பத்தே ஆண்டில் நிலைமை மாறியது. ஜான் காக்ராஃப்டும் எர்னெஸ்ட் வால்ட்டனும் அணுக்கருவைப் பிளக்க மிக உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்க முனைந்தார்கள். அதற்கான மின்கருவி முந்தைய அறையில் அடங்கவில்லை. உயரமான கூரை கொண்ட, பயன்பாட்டில் இல்லாத ஒரு விரிவுரைக் கூடத்துக்கு 1931இல் மாறினார்கள். கருவிக் குழாயின் அடியில் ஒரு சிறிய மரப்பெட்டி. நோக்குபவர் அதற்குள் குனிந்து நுழைந்து, ஒளிரும் திரையில் தோன்றும் மினுக்குகளைப் பார்க்க வேண்டும். 1932 ஏப்ரலில் லித்தியம் அணுக்கரு பிளந்ததை அங்கேதான் கண்டார்கள். பழைய வகுப்பறை ஒன்றின் கூரை உயரம் அணுக்கரு இயற்பியலுக்கு வழிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே காலத்தில் ரஷ்ய அறிஞர் பியோத்தர் கபிட்சா மிக வலிமையான காந்தப்புலங்களை உண்டாக்கிக்கொண்டிருந்தார். பெரிய மின்னாக்கி ஒன்றை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குக் குறுக்குச் சுற்றில் விடுவது அவர் முறை. அப்போது எழும் அதிர்ச்சி தரையைக் குலுக்கும். அதிர்ச்சியைத் தடுக்க முடியாததால் கபிட்சா தூரத்தைப் பயன்படுத்தினார். காந்தச் சுருளை மின்னாக்கியிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி வைத்தார். தரைவழியே அதிர்வு வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்திருக்கும். அவருக்கென்று மோண்ட் ஆய்வகம் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்டது. அதன் செங்கல் சுவரில் சிற்பி எரிக் கில் ஒரு முதலையைச் செதுக்கினார். ரூதர்ஃபோர்டுக்குக் கபிட்சா வைத்திருந்த செல்லப்பெயர் அது. மறு ஆண்டு தாய்நாட்டுக்குச் சென்ற கபிட்சாவைச் சோவியத் அரசு திரும்ப அனுமதிக்கவில்லை. அவருடைய கருவிகள் பின்னர் மாஸ்கோவுக்கு விற்கப்பட்டன. முதலை இன்னும் சுவரில் இருக்கிறது.

1936இல் கார் உற்பத்தியாளர் ஹெர்பெர்ட் ஆஸ்டின் 2,50,000 பவுண்டு கொடுத்தார். அதில் எழுந்த ஆஸ்டின் பகுதி 1940இல் முடிந்தது. அப்போது தலைவராக இருந்த லாரன்ஸ் பிராக், படிகங்களின் வழியே எக்ஸ் கதிர் சிதறுவதைக் கொண்டு அணுக்களின் அடுக்கை அறியும் முறையை வகுத்தவர். போருக்குப் பின் புரதங்களின் வடிவத்தைத் தேடும் வேலை இந்த ஆய்வகத்தில் சூடுபிடித்தது. ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் 1953இல் டி.என்.ஏ.வின் மாதிரியை அமைத்தது ஆஸ்டின் பகுதியின் ஓர் அறையில்தான். இந்தக் காலத்தின் தாக்கம் சென்னைக்கும் நேராக வந்தது. ஜி. என். ராமச்சந்திரன் 1947 முதல் 1949 வரை கேவெண்டிஷில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகி, கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கு ஒரு மையத்தைக் கட்டியெழுப்பினார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954இல் அவர் வெளியிட்டதும் அங்கிருந்துதான். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கொலாஜன், பக்கத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிடைத்தது.

1960களில் ஃப்ரீ ஸ்கூல் லேனில் விரிவதற்கு ஓர் அடி நிலமும் இல்லை. ஒட்டுக்கட்டடங்களும் தாழ்வாரங்களும் சேர்ந்து, புதிதாக வருபவர் வழிதவறும் இடமாக ஆய்வகம் மாறியிருந்தது. நெவில் மோட் தலைவராக இருந்தபோது மேற்கே, மேடிங்லி சாலைப் பக்கம் போவதென்று முடிவானது. திட்டமிடலில் பெரும்பங்கு பிரையன் பிப்பர்டுக்கு உரியது. அங்கே நிலம் தாராளம். எனவே தாழ்வான, நீளமான கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கு பிராக், மோட், ரூதர்ஃபோர்டு என்று பெயரிட்டார்கள். தொழிற்சாலையில் வார்த்த பகுதிகளைக் கொண்டு விரைவாகவும் மலிவாகவும் கட்டுவது, உட்சுவர்களைத் தேவைக்கேற்பக் கழற்றி மாற்றுவது என்பதே அன்றைய எண்ணம். பழைய கதவின் சங்கீத வரி இங்கே ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

கழற்றி மாட்டும் சுவர்கள் உண்மையாகவே உதவின. துறையின் ஆய்வுப் பிரிவுகள் பிறந்தும் மறைந்தும் கொண்டிருந்த ஐம்பது ஆண்டுகளை அந்தக் கட்டடங்கள் தாங்கின. ஆனால் மெல்லிய கட்டுமானம் வெப்பத்தைத் தேக்கவில்லை. கல்நார் கலந்த பொருள்களால் பழுதுபார்ப்பதும் சிக்கலானது. இலேசான தளங்கள் நுண்ணளவீடுகளுக்கு ஏற்றவையாகவும் இல்லை. பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே மேல் என்ற முடிவு படிப்படியாக உருவானது. இடைக்காலத்தில் வளாகத்திலும் அதன் அருகிலும் தனித்தனிக் கட்டடங்கள் முளைத்தன. மருத்துவ இயற்பியலுக்கு ஒன்று 2008இல் வந்தது. அண்டவியலுக்கான காவ்லி நிறுவனம் 2009இலும் வானியற்பியலுக்கான பேட்காக் மையம் 2013இலும் வந்தன. 2016இல் திறந்த மேக்ஸ்வெல் மையத்தில் தொழில் நிறுவனங்களின் ஆய்வாளர்களும் துறையினரும் ஒரே கூரைக்கடியில் வேலை செய்கிறார்கள்.

மூன்றாவது ஆய்வகத்துக்கு அரசு 2015இல் 75 மில்லியன் பவுண்டு அறிவித்தது. 2017இல் ரே டால்பியின் சொத்திலிருந்து 85 மில்லியன் பவுண்டு வந்தது. பிரிட்டிஷ் அறிவியலுக்குத் தனியாரிடமிருந்து கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் அது ஒன்று. அமெரிக்கரான டால்பி 1961இல் கேவெண்டிஷில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறையை உருவாக்கி, 1965இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியவர். நம் திரையரங்குகளின் சுவரில் தெரியும் டால்பி என்ற பெயர் அவருடையதே. கட்டடத்தை வடிவமைத்தது ஜெஸ்டிகோ அண்ட் வைல்ஸ் நிறுவனம். பரப்பளவு சுமார் 33,000 சதுர மீட்டர்.

இந்தக் கட்டடத்தின் முக்கியமான பகுதி கண்ணில் படாத அடித்தளம். ஒற்றை அணுவைத் தொட்டுப் பார்க்கும் நுண்ணோக்கிக்கு, நெடுஞ்சாலையில் லாரி போவதும் மாடியில் காற்றுக்குழாயின் விசிறி சுழல்வதும் பூகம்பத்துக்குச் சமம். வளாகத்தின் மேற்கே எம்-11 நெடுஞ்சாலை ஓடுகிறது. அதனால் நுண்ணிய ஆய்வறைகளைத் தரைக்குக் கீழே வைத்து, கருவிகளைக் கட்டடத்தின் சட்டகத்திலிருந்து பிரிந்த கனமான கான்கிரீட் தளங்களில் நிறுத்தினார்கள். மேக்ஸ்வெல் தம் மேசைகளுக்குத் தனி உத்தரம் கேட்ட காரணமும் இதுவே; மாறியிருப்பது அதிர்வின் அளவுதான். அன்று காலடி அதிர்வு தொல்லை. இன்று மனிதன் உணரவே முடியாத நடுக்கம்கூடத் தொல்லை. தூசியில்லாத காற்றை இடைவிடாது வடிகட்டித் தரும் தூய அறைகளும் இங்கே உண்டு. குறைகடத்திச் சில்லுகளை உருவாக்கும் இடத்தில் ஒரு தூசித் துகள் விழுந்தால் பல நாள் வேலை வீணாகும்.

கற்பித்தலும் இங்கே ஓரத்துக்குத் தள்ளப்படவில்லை. விரிவுரைக் கூடங்களும் மாணவர்களின் செய்முறைக் கூடங்களும் பொதுமக்கள் வரக்கூடிய பகுதியை ஒட்டியே இருக்கின்றன. மேக்ஸ்வெல் காலத்துக் கருவிகள் முதலான பழைய சேகரிப்பும் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. கேம்பிரிட்ஜுக்கு வெளியே உள்ள ஆய்வாளர்களும் விண்ணப்பித்துக் கருவிகளைப் பயன்படுத்தும் தேசிய வசதியாக இது திட்டமிடப்பட்டது. அரசுப் பணம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்தில் 2022இல் திறந்த வெஸ்ட் ஹப் என்னும் பொதுக்கட்டடத்தில் உணவகமும் நூலகமும் கலந்துரையாடும் இடங்களும் எல்லாத் துறையினருக்கும் பொதுவாக உள்ளன. நகரத்தின் கல்லூரிகளை விட்டு விலகி மேற்கே வந்தவர்கள் நெடுநாளாக உணர்ந்த குறை ஒன்று அதனால் நீங்கியது.

ஃப்ரீ ஸ்கூல் லேன் கட்டடம் இடிக்கப்படவில்லை. 1970களில் இயற்பியலார் வெளியேறிய பின் பல்கலைக்கழகத்தின் பிற துறைகள் அதன் அறைகளைப் பகிர்ந்துகொண்டன. ஓக் மரக்கதவும் கோபுரமும் தெருவிலிருந்தே தெரியும். சுவரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். சிறிது தொலைவில் உள்ள விப்பிள் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து அறிவியல் கருவிகள் பலவற்றைக் காணலாம்.