பிக்கப் தொட்டியும் உரிக்க வராத கருப்புத் தோலும்

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டெக்ஸாஸ்ல இருக்கார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிக்கப் ட்ரக் வாங்கினார். பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி பூரா கருப்பா, சொரசொரன்னு ஒரு பூச்சு. ஓரத்துல தூக்கிக்கிட்டு நிக்குது, அடியில துரு. "உரிச்சுட்டு பெயிண்ட் அடிச்சிடலாம், ஒரு சனிக்கிழமை வேலைதான்"னார். மூணு சனிக்கிழமை போயாச்சு, வந்தது கால்வாசி. இந்தப் பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டினதுதான் இந்தப் பதிவு.

1925-ல ஃபோர்டு, மாடல் டி வண்டியில ஃபேக்டரியிலேயே தொட்டி வச்சு 281 டாலருக்கு வித்தது. பூச்சு கீச்செல்லாம் கிடையாது. பழைய பிக்கப்புகள் பலதுல தரை மரப்பலகைதான். உளுத்துப்போனா பலகையை மாத்திக்கலாம். தகட்டுத் தரை வந்தப்புறம் கீறலும் துருவும் தலைவலி ஆச்சு. அதுக்கு ஒரு வைத்தியம், தொட்டி வடிவத்துலயே வார்த்த பிளாஸ்டிக் உறை. ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கினா வெளியே வந்துடும். ஆனா அடியில தண்ணி தேங்கும், ஆடி ஆடி பெயிண்டைத் தேய்ச்சு எடுக்கும். மேல பளபளப்பு, கீழ ஓட்டை :-) அது மேல பெட்ரோல் கேனை வச்சு நிரப்பினா இன்னும் மோசம். நிலைமின்சாரம் இறங்க வழியில்லாம பொறி தட்டும். கேனைத் தரையில இறக்கி வச்சு நிரப்புங்கன்னு அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-லயே எச்சரிச்சது.

ஸ்ப்ரே பூச்சு இதுக்கு நேர் எதிர். பாலியூரித்தேன், இல்லாட்டி பாலியூரியா. பாலியூரித்தேனை 1937-ல ஜெர்மனியில உருவாக்கினது ஆட்டோ பேயர் குழு. தகட்டைத் தேய்ச்சு சொரசொரப்பாக்கி, ரெண்டு திரவத்தைத் துப்பாக்கி முனையில கலந்து அடிப்பாங்க. பாலியூரியான்னா சில நொடியில இறுகிடும். தண்ணி புக இடமே இருக்கக்கூடாதுங்கறதுதான் குறிக்கோள். திரும்ப எடுக்கணும்ங்கற யோசனையே டிசைன்ல இல்ல. நம்ம பாஷையில, ரோல்பேக் இல்லாத ரிலீஸ்.

அந்த ரெண்டு திரவத்துல ஒண்ணு ஐசோசயனேட். 1984 போபால் ஞாபகம் வருதா? அது வேற ஆளு, ஆனா அதே குடும்பம். இங்க வர்ற எம்டிஐ அந்த மாதிரி சுலபமா ஆவியாகாது. ஆனா ஸ்ப்ரே அடிக்கறப்போ பனியா பறந்து நுரையீரலுக்குள்ள போகும். ட்ரக் தொட்டிக்குப் பூச்சு அடிக்கறவங்களுக்கு ஆஸ்துமாவும் மரணமும் வரலாம்னு நியோஷ் 2006-ல தனியா எச்சரிக்கை வெளியிட்டது. இறுகினப்புறம் சாது. ஹீட் கன் வச்சுக் கருக விட்டா, புகையில மறுபடி ஐசோசயனேட் கிளம்பும்.

சரி, கெமிக்கல் போட்டு எடுக்கலாமே? பெயிண்ட் உரிக்க பல காலம் பேர்போனது மெத்திலீன் குளோரைடு. அதோட ஆவி காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும். உள்ளே போனா உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடா மாத்தும். 2000-லேர்ந்து 2011 வரைக்கும் அமெரிக்காவுல குளியல் தொட்டி புதுப்பிக்கற வேலையில 13 பேர் இதால செத்தாங்க. ட்ரக் தொட்டியும் கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான்: சுத்திச் சுவர், நடுவுல தலையைக் குனிஞ்சு சுரண்டற ஆளு. 2019-ல பெயிண்ட் உரிக்கறதுக்காகப் பொதுமக்களுக்கு இதை விக்கறதுக்கு அங்கே தடை வந்தது.

ஆக நண்பருக்கு மிச்சம் இருக்கறது, கருகாம மிதமான சூடு, சுரண்டி, மாஸ்க், திறந்தவெளி, பொறுமை. நேத்து போன் பண்ணினார். சக்கரத்துக்கு மேல வளைவுல இருக்கறது மட்டும் அசையவே மாட்டேங்குதாம், அடியில துருவும் இல்லையாம். "அப்படியே விட்டுடவா?"ன்னு கேட்டார்.

விட்டுடுங்க பாஸ்னேன்.