கடனுக்குள் இருக்கிற பி

ஆங்கிலத்தில் கடனுக்குரிய சொல்லை எல்லாரும் 'டெற்' என்றுதான் சொல்கிறார்கள். எழுதினால் மட்டும் டி, ஈ, பி, ரி. நடுவில நிற்கிற உந்தப் பிக்கு என்ன வேலை? ஊரில ரியூசன் வாத்தியாரைக் கேட்டால் "அது சைலன்ற், பாடமாக்கு" என்பார். அதுக்கு மேலே கேட்டால் குட்டு விழும்.

முந்தி ஆங்கிலேயர்கள் 'டெப்ற்' என்று சொல்லியிருப்பார்கள், காலப்போக்கில் பி தேய்ந்து போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அந்தப் பி ஆங்கிலத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதை ஆக்கள் வேணுமென்றே கொண்டுவந்து செருகினவை.

ஊமை எழுத்துக்களில் இரண்டு சாதி உண்டு. முதலாவது, ஒருகாலத்தில் பேசிப் பிறகு ஊமையானவை. நாங்கள் குசினியில் நாள்முழுக்கப் பிடிக்கிற கத்தியை 'நைஃப்' என்கிறோம். அதன் முன்னால் நிற்கிற கே பழைய ஆங்கிலத்தில் வடிவாகக் கேட்டது, 'க்னீஃப்' என்று. முழங்காலுக்கும் அதே கதை. 17ம் நூற்றாண்டளவில்தான் அந்தக் கே வாயிலிருந்து விழுந்தது. ஜேர்மனியிலோ சுவிசிலோ இருக்கிற சொந்தக்காரரிடம் முழங்காலுக்கு ஜேர்மன் சொல் என்னவென்று கேட்டுப் பாருங்கள், 'க்னீ' என்பார்கள். தாய்வழி ஒன்றுதான், அங்கே கே உயிரோடு இருக்கிறது. 'நைற்' என்ற இரவுக்குள் கிடக்கிற ஜி, எச் இரண்டும் அப்படித்தான். ஜேர்மன்காரர் இரவைச் சொல்லும்போது தொண்டைக்குள் இருந்து ஒரு காற்று வருமே, அந்தக் காற்று முந்தி ஆங்கிலத்திலும் இருந்தது.

வில்லியம் கக்ஸ்ரன் 1476இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. நாக்கு இறுகவில்லை, அது தன்பாட்டில் மாறிக்கொண்டு போனது. கக்ஸ்ரன் கனகாலம் புரூஜ் நகரத்தில், இப்போதைய பெல்ஜியத்தில், இருந்துவிட்டு வந்தவர். பேய்க்கு எழுதுகிற 'கோஸ்ற்' என்ற சொல்லில் ஜிக்குப் பின்னால் நிற்கிற எச், அந்தப் பக்கத்துப் பிளெமிஷ் எழுத்துமுறையிலிருந்து அவருடைய அச்சுக்கூடம் வழியாக வந்தது என்றுதான் ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்கள். (புலம்பெயர்ந்து வந்து ஒரு சத்தமும் போடாமல் 500 வருசமாக இருக்கிற எச். எங்களுக்குத் தெரிந்த ஆள்தான்.)

எனக்குக் கோபம் வருவது இரண்டாவது சாதியில்தான். கடனுக்கான சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. வரும்போது அதில் பி இல்லை. எப்படிச் சொன்னார்களோ அப்படியே 'டெத்தெ' என்று எழுதினார்கள். 15ம், 16ம் நூற்றாண்டுகளில் படித்த ஆக்களுக்கு லத்தீன் மோகம் பிடித்தது. லத்தீனில் 'டெபிற்றும்' என்று இருக்கிறதே, அப்போ எங்கட சொல்லுக்கும் அந்தக் குலப்பெருமை வேணும் என்று பியைச் செருகினார்கள். சந்தேகத்துக்கான 'டவுற்' என்ற சொல்லிலும் ஒரு பி. சாமன் மீனுக்குள் ஒரு எல். தீவுக்கான 'ஐலண்ட்' என்ற சொல்லில் செருகின எஸ் முழுப் பிழை. அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், லத்தீன் 'இன்சுலா'வோடு அதுக்கு ஒரு சொந்தமும் இல்லை. லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற இன்னொரு சொல்லைப் பார்த்து, இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று நினைத்து எஸ்ஸை ஒட்டிவிட்டார்கள். பிழை பிழையாகவே இன்றைக்கும் நிற்கிறது.

பில்லுக்குச் சொல்கிற 'றிசீற்' இன்னும் மோசம். அதுக்குள் ஒரு பி (ஆறு வயதுப் பிள்ளை 'பீ' என்று நீட்டிச் சொல்லுமே, அந்தப் பி) செருகியிருக்கிறது. ஏமாற்றுக்கான 'டிசீற்' என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான், கூடப்பிறந்த சகோதரம். அதுக்குப் பி இல்லை. ஏன் என்று கேட்டால் காரணமே கிடையாது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் தன்னுடைய அகராதியைப் போட்டபோது இரண்டையும் அப்படியே விட்டார், ஒன்றுக்கு இருக்கும், மற்றதுக்கு இல்லை.

இந்தப் பியால் ஒரு பெடியனுக்கு வேலை மாறியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் முந்தி வேலை செய்த ஒரு சாப்பாட்டுக்கடையில், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெடியன் கவுண்டரில் நின்றான். ஒரு வாடிக்கையாளரிடம் பில் வேணுமா என்று கேட்கும்போது, எழுத்தில் கண்டபடி பியையும் சேர்த்து 'றிசிப்ற்' என்றான். அந்த மேசை முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் முதலாளி அவனைப் பின்னுக்குக் கோப்பை கழுவ அனுப்பினார். அவன் அந்தச் சொல்லில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தான். இல்லாத ஒலிக்கு எழுத்தைச் செருகினவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்' நாடகம் 1598இல் அச்சில் வந்தது. அதில் ஹொலொஃபர்னீஸ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவார். ஒரு ஸ்பெயின்காரன் டெற், டவுற் என்று பியை விழுங்கிச் சொல்கிறான், மொழியைக் கொல்லுகிறான் என்று அவருக்குப் பொறுக்காது. பியைச் சொல்ல வேணும் என்பது அவருடைய கட்சி. ஷேக்ஸ்பியர் அவரைக் கேலி செய்யத்தான் அப்படி எழுதினார், ஊரே அன்றைக்கு 'டெற்' என்றுதான் சொன்னது. ஆனால் பாருங்கள், பியைச் சொல்லாததுக்கு அன்றைக்கு வாத்தியாரிடம் ஏச்சு வாங்கினவன் ஒரு வெளிநாட்டுக்காரன். பியைச் சொன்னதுக்கு இன்றைக்குச் சிரிப்பு வாங்கினவனும் ஒரு வெளிநாட்டுக்காரன்.

செருகின எழுத்துக்களில் சில பிறகு பேசவும் பழகின. குற்றத்துக்கான 'ஃபோல்ற்' என்ற சொல்லில் எல் முந்தி இல்லை. செருகி, நூறு இருநூறு வருசம் ஊமையாக இருந்து, பிறகு எழுத்தைப் பார்த்து ஆக்கள் சொல்லத் தொடங்கி, இன்றைக்கு அதைச் சொல்லாவிட்டால்தான் பிழை.

எங்களிடமும் இது இல்லாமல் இல்லை. ர, ல இரண்டும் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. அதனாலே 'இராமநாதன்' என்று எழுதிவிட்டு 'ராமநாதன்' என்று கூப்பிடுகிறோம். 'இலண்டன்' என்று எழுதுகிற ஆக்களும் 'லண்டன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'இ'யும் இலக்கணத்துக்காக நிற்கிற எழுத்துத்தான். ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால் ஒருவரும் எங்களைக் கோப்பை கழுவ அனுப்புவதில்லை.

ஆங்கிலத்தைத் திருத்தப் பார்த்தவர்கள் கனபேர். நோவா வெப்ஸ்ரர் அமெரிக்காவில் 'கலர்' போன்ற சொற்களில் யூவைத் தூக்கி வெற்றி கண்டார், வேறு பலதில் தோற்றார். ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் 1906 ஓகஸ்ற்றில் 300 சொற்களை எளிதாக எழுதும்படி அரசாங்க அச்சகத்துக்குக் கட்டளை போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, கொங்கிரஸ் எதிர்த்தது, அந்த வருசம் முடிவதற்குள் கட்டளையை மீளப் பெற்றுக்கொண்டார். அமெரிக்காவிலும் கடனுக்குள் அந்தப் பி அப்படியே கிடக்கிறது.